சுற்று ரயிலில் ஜப்பான் பெட்டி: நமக்கு எப்போதும் பழசுதானா?

#1 இன்சின்_பேரன்

வணக்கம் உறவுகளே. இன்று காலை ரங்கூன் நகரைச் சுற்றி ஓடும் சுற்று ரயிலில், இன்சினில் ஏறிப் பெரிய ஸ்டேஷன் வரை வந்தேன். கிடைத்தது ஜப்பான் பெட்டி. கதவுக்கு மேலே ஜப்பான் எழுத்து அப்படியே இருக்கிறது, யாரும் சுரண்டவில்லை. எனக்கு எதிரே ஒரு பர்மியப் பாட்டி செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலை மேலே மடக்கி உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தார். ஜப்பானில் அந்த சீட்டில் யாரும் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

சிரித்து முடித்ததும் கோபமும் வந்தது. 1877 மே 1ஆம் தேதி ரங்கூனிலிருந்து ப்ரோமுக்கு 161 மைல் ரயில் ஓடிய நாடு இது. மாண்டலேக்கு 1889லேயே ரயில் போய்விட்டது. அவ்வளவு பழைய ரயில் நாடு, இன்றைக்கு அடுத்தவன் கழித்துக்கட்டியதை வாங்கிப் பெயின்ட் கூட அடிக்காமல் ஓட்டுகிறது. நம்ம வீட்டில் பெரியம்மா பையன் சட்டையைச் சின்னவனுக்குப் போட்டுவிடுவது மாதிரி. கடனோ உடனோ, புதுசாக வாங்கினால் என்ன குறைந்துபோகும்? எங்கள் தாத்தா இன்சின் பட்டறையில் இருந்தவர். அவர் இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். இங்கே தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சிபா_ரவி

நண்பரே, நீங்கள் பார்த்த எழுத்து அநேகமாக "வான்மான்" என்பதாக இருக்கும். ஒரே ஆள் ஓட்டும் வண்டி என்று அர்த்தம். ஓட்டுநரே டிக்கெட்டும் வாங்கிக்கொள்வார், கார்டு கிடையாது. அந்தப் பலகையை மாட்டிக்கொண்டு ரங்கூனில் ஓட்டுநர், உதவியாளர், கார்டு, டிக்கெட் பார்ப்பவர், போலீஸ் என்று ஐந்து பேர் போவதை வீடியோவில் பார்த்து இங்கே என் ஜப்பான் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் இருப்பது சிபா மாகாணம். இங்கே குருரி என்று ஒரு கிளைப்பாதை, வயல் நடுவே போகும். அதில் 2012 வரை ஓடிய கிஹா 38 என்ற டீசல் பெட்டிகளில் ஐந்து ரங்கூன் சுற்று ரயிலுக்கு வந்தன. பிறகு கிஹா 40, 48, 11 என்று வரிசையாக வந்தன. "கி" என்றால் டீசல், "ஹா" என்றால் மூன்றாம் வகுப்பு. நம்ம அ ஆ இ மாதிரி அவர்களுக்கு இ, ரோ, ஹா. முதல் வகுப்பு இ, இரண்டாம் வகுப்பு ரோ, மூன்றாவது ஹா. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் இங்கே ஒழிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பெட்டியின் நெற்றியில் மட்டும் இன்னும் இருக்கிறது.

பழசு என்பதால் மோசம் என்று சொல்லமாட்டேன். இங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் ஜாதகம் மாதிரி ஒரு பராமரிப்புக் குறிப்பு இருக்கும். நாற்பது வயதுப் பெட்டி என்றாலும் உள்ளே பாதி சாமான் புதுசாகத்தான் இருக்கும்.

#3 வியாசர்பாடி_பர்மாக்காரன்

ரங்கூன் உறவுகளுக்கு மெட்ராஸிலிருந்து வணக்கம். எங்க அப்பா 1965ல கப்பல் ஏறினவர், அதனால இந்த இழை கண்ணுல பட்டதும் விடமுடியல.

எங்க ஊர்லயும் பீச் - தாம்பரம் லைன் மீட்டர்கேஜாதான் இருந்துச்சு, அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர். 1931ல கரன்ட் வண்டி விட்டாங்க, 2004 வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் மொத்தமா அகலப்பாதை. 1992லேர்ந்து நாடு முழுக்க ஒரே கேஜ்னு கிளம்புனதுல எங்ககிட்ட மீட்டர்கேஜ் டீசல் எஞ்சின் எக்கச்சக்கமா மிஞ்சிருச்சு. அதுல கொஞ்சம் உங்க ஊருக்குத்தான் வந்துச்சு. ஒய்டிஎம் 4னு சொல்வாங்க, மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். அப்ப நீங்க ஓட்டுறது ஜப்பான் பழசு மட்டும் இல்ல, எங்க பழசும்தான் 😀 ஆனா 2018ல கொடுத்த 18 எஞ்சின் புதுசு. 1350 குதிரைசக்தி, இந்தியக் கடனுதவில வந்தது.

என் கேள்வி இதுதான். நாங்க மாத்துன மாதிரி நீங்களும் கேஜையே மாத்திட்டா உலகத்துல எங்க வேணா வண்டி வாங்கலாமே?

#4 நட்டுபோல்ட்டு

எல்லாருக்கும் வணக்கம். நான் ரயில் பட்டறைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்து வேலை எனக்கு வராது, பேத்தி தட்டச்சு செய்கிறாள். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெட்ராஸ் தம்பிக்கு. கேஜ் மாற்றுவது என்றால் தண்டவாளத்தை நகர்த்துவது மட்டும் இல்லை அப்பா. கட்டை, பாலம், பிளாட்பாரம், பாயின்ட், அத்தனை எஞ்சின், அத்தனை பெட்டி. 1988ல் இந்த நாட்டில் ஏறக்குறைய 2,000 மைல் பாதை இருந்தது, பிறகு புதுப்புது லைனாகப் போட்டு இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது. எல்லாம் மீட்டர்கேஜ். பக்கத்தில் சயாமும் மலாயாவும் அதே மீட்டர்கேஜ். உங்கள் நாட்டுக்குக் கையில் காசும் ஆளும் இருந்தது, செய்தீர்கள்.

ஜப்பான்காரன் பாதை 1067 மில்லிமீட்டர். நம்முடையது 1000. நடுவில் 67. மூன்று விரல் போட்டு மேலே கொஞ்சம். இந்த 67ஐக் குறைப்பதுதான் எங்கள் வேலை. வெளியில் இருப்பவர்கள் பெட்டி கப்பலில் வந்தது, தண்டவாளத்தில் வைத்தார்கள், ஓடியது என்று நினைக்கிறார்கள்.

அச்சு என்பது ஒரு தடிமனான இரும்புத் தண்டு. சக்கரம் அதில் நெருக்கி ஏற்றியிருக்கும், போல்ட் கிடையாது. பெரிய ஹைட்ராலிக் அழுத்தி வைத்துத்தான் கழற்றவேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் 33.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளவேண்டும். சக்கரம் உள்ளே போனால் பிரேக் கட்டை சக்கரத்தின் மேல் உட்காராது, அதையும் உள்ளே கொண்டுவா. பிரேக் கட்டையை நகர்த்தினால் அதை இழுக்கிற கம்பி கோணலாகும், அதற்கு ஒரு தகடு வெட்டி வை. ஏறும்போது அழுத்தியின் முள் ஒரே சீராக ஏறவேண்டும். துள்ளினால் அச்சு கீறிவிட்டது என்று அர்த்தம், அந்த அச்சு குப்பைக்கு. முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், யாரும் பக்கத்தில் பேசக்கூடாது. கல்யாண வீட்டில் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி.

அப்புறம் உயரம். முந்தி வந்த சில பெட்டிகளுக்குக் கூரையையே வெட்டி இறக்கினார்கள். நம்ம பாதையின் அளவுக்குள் அது அடங்காது. பிளாட்பாரம் தாழ்வு, வாசல் உயரம், படி வைத்துப் பற்றவைக்கவேண்டும்.

இதையெல்லாம் நம்ம ஆட்கள் செய்தார்கள். அதனால் இன்சின் பேரனுக்குச் சொல்கிறேன், உன் தாத்தா இருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார். அளவு நாடாவைத்தான் எடுத்திருப்பார்.

#5 இன்சின்_பேரன்

ஐயா, கண் கலங்கிவிட்டது. தாத்தாவின் நாடா இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒரு பக்கம் அங்குலம், ஒரு பக்கம் அழிந்துபோய்விட்டது.

ஆனாலும் கேட்கிறேன். இவ்வளவு உழைப்பைப் பழசில் போடுவதற்குப் பதில், நம்ம கேஜுக்கே அளவெடுத்துப் புதுசாகத் தைத்து வாங்கலாமே? 2020 நவம்பரில் 246 பெட்டிக்கு ஒப்பந்தம் போட்டார்கள் அல்லவா? மிட்சுபிஷி வழியாக, ஸ்பெயினின் காஃப் கம்பெனி கட்டுவதாக. 69 பில்லியன் யென். அதில் 66 சுற்று ரயிலுக்கு, 180 மாண்டலே லைனுக்கு. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இரண்டு மாதம் கழித்து

#6 மட்டுறுத்துநர்

தம்பி, மேலே உங்கள் பதிவின் கடைசிப் பத்தியை நான்தான் வெட்டினேன். கோபிக்கவேண்டாம். 2021க்குப் பிறகான விஷயங்களை இங்கே பேசுவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். பலர் ரங்கூனிலிருந்து எழுதுகிறார்கள். பெட்டி, பாதை, பயணம் இவற்றோடு நிற்போம்.

#7 தமைன்_செல்வி

எல்லாரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், அதற்குள் போகிறவர்களைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அம்மா இருபத்திரண்டு வருஷம் கீரை வியாபாரம். விடியற்காலை டன்யிங்கோன் போவார். தெரியாதவர்களுக்கு: சுற்று ரயிலின் வடமேற்கு மூலையில் டன்யிங்கோன் ஸ்டேஷன், தண்டவாளத்தை ஒட்டியே மொத்தக் காய்கறிச் சந்தை. கசூன் என்கிற நம்ம வள்ளைக்கீரை, புளிச்சக்கீரை, கொத்துக்கொத்தாகப் பூசணிக் கொடி, எல்லாம் அங்கேதான். பழைய பெட்டிக்கு ஜன்னலே திறந்த வாசல் மாதிரி. அம்மா உள்ளே ஏறிக்கொள்வார், கீழே நிற்கிற பையன் மூட்டையை ஜன்னல் வழியே தள்ளுவான். பெஞ்சு பக்கவாட்டில், நடுவில் முழுக்கத் தரை. அந்தத் தரைதான் கடை. தமைன் வருவதற்குள் கட்டுக் கட்டி, வாடினதைக் கிள்ளி எறிந்து, பாதிக் கீரையை ஓடுகிற ரயிலிலேயே விற்றுவிடுவார். வீட்டுக்கு வரும்போது கூடை லேசாக இருக்கும். அப்போது டிக்கெட் இருநூறு கியாட்.

ஜப்பான் பெட்டியில் ஜன்னல் வழியே மூட்டை போகாது. கதவு குறுகல். படி ஏறி, கூடையைச் சாய்த்து, திரும்பி ஏறவேண்டும். முதல் நாள் கூடை வாசலில் சிக்கி அம்மாவும் கூடையும் ஒன்றாக நின்றார்கள், பின்னால் வரிசை. குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கீரைத் தண்ணீர் காலில் படுகிறது என்று எழுந்து நின்றுகொண்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட அம்மாவுக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

இப்போது தோழிகள் நான்கு பேர் சேர்ந்து சின்ன லாரி பிடிக்கிறார்கள். செலவு எத்தனை மடங்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் புதுப் பெட்டி ஸ்பெயினிலிருந்து வந்தாலும் சந்திரனிலிருந்து வந்தாலும் என் அம்மாவின் கூடைக்கு இடம் இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

#8 வியாசர்பாடி_பர்மாக்காரன்

அக்கா, எங்க ஊர் லோக்கல் ரயில்ல கூடைக்காரங்களுக்குன்னே தனிப் பெட்டி உண்டு. வெண்டர் கோச். மீன் கூடை, பூ மூட்டை எல்லாம் அதுலதான். வாடைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

#9 தமைன்_செல்வி

அப்படி ஒன்று ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டினால் நான் ஏன் இங்கே வந்து புலம்புகிறேன், தம்பி.

#10 சிபா_ரவி

செல்வி அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கிஹா பெட்டிகளில் பல கட்டப்பட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பனி ஊர்களுக்கும். கதவு குறுகலாக இருந்தால்தான் சூடு வெளியே போகாது. கிஹா 40, 48 நிறைய வட ஜப்பானில் ஓடியவை, அங்கே முழங்கால் அளவு பனி. அந்தக் கதவு ரங்கூன் வெயிலில் கீரைக்கூடைக்காரம்மாவை நிறுத்துகிறது.

வாங்குகிறவர்கள் இருக்கை எத்தனை, வேகம் எத்தனை என்று கேட்கிறார்கள். கதவு எத்தனை அகலம் என்று கேட்கிறார்களா?

#11 நட்டுபோல்ட்டு

வேகம் என்று தம்பி எழுதியதால் மறுபடி வந்தேன்.

சுற்று ரயில் மொத்தம் 46 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சுற்று முன்பெல்லாம் மூன்று மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 15 கிலோமீட்டர். சைக்கிள் வேகம். ஜப்பான் பெட்டி வந்த பிறகும் முதலில் அதே மூன்று மணி நேரம்தான். ஏன்? அந்தப் பெட்டி அதன் ஊரில் மணிக்கு 95 ஓடியது. நம்ம பாதையில் ஓடமுடியாது. மழை வந்தால் ஜல்லிக்கு அடியிலிருந்து களிமண் மேலே ஏறும். ஜல்லியும் சேறும் கலந்து சிமென்ட் மாதிரி ஆகி, தண்ணீர் வடியாமல், கட்டை ஆடும். ஒவ்வொரு ரயில் போகும்போதும் அந்தச் சேறு கட்டைக்கு அடியிலிருந்து பீச்சி அடிக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் மேல் தங்கத்தேரை வைத்தாலும் 15தான்.

2015ல் சுற்று ரயிலுக்கு ஜப்பான் கடன் கொடுத்தபோது அதில் சிக்னலும் பாதையும் இருந்தது. அந்த வேலை நடந்த இடங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. மாண்டலே லைனும் அப்படித்தான். 620 கிலோமீட்டர், 15 மணி நேரம். 8 மணி நேரமாக்குவது திட்டம். அந்த 7 மணி நேரம் பாதையில்தான் கிடக்கிறது. பேரா, நீ பெட்டியைப் பார்த்துக் கோபப்பட்டாய், ஜல்லியைப் பார்த்துக் கோபப்பட்டிருக்கவேண்டும்.

அடுத்தது சாமான். நான் வேலை பார்த்த ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். வெளிநாட்டுப் பெட்டி ஒன்றில் பிரேக் வால்வுக்குள் உள்ளங்கை அளவு ஒரு ரப்பர் வட்டு கிழிந்தது. எழுதிப் போட்டோம். மாதக்கணக்கில் பதில் இல்லை. லாரி டியூபை வெட்டிப் போட்டுப் பார்த்தோம், காற்று நிற்கவில்லை. கடைசியில் பக்கத்தில் நல்லா இருந்த பெட்டியிலிருந்து கழற்றி இதற்குப் போட்டோம். அடுத்த மாதம் இன்னொன்று போனது, அதற்கும் அந்த நல்ல பெட்டியிலிருந்தே. ஒரு வருஷத்தில் அந்த நல்ல பெட்டி எலும்புக்கூடாகி ஓரமாக நின்றது. உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது.

அதே காலத்தில் நம்ம ஆட்கள் லாரி எஞ்சின், லாரி கியர்பாக்ஸ் வைத்து ரயில் பஸ் என்று ஒன்று கட்டினார்கள். பார்க்கச் சகிக்காது. சத்தம் காது கிழியும். ஆனால் கெட்டுப்போனால் எந்த ஊர் லாரிக் கடையிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கைவைப்பான். கிளைப்பாதைகளில் அது ஓடியது.

புதுசோ பழசோ, வாங்கும்போதே பத்து வருஷத்துச் சாமானையும், அதைக் கழற்றத் தெரிந்த ஐம்பது பையன்களையும் சேர்த்து வாங்கவேண்டும். அது இல்லாமல் புதுசு வாங்கினால் பத்து வருஷம் கழித்து அதுவும் நாய் குட்டி போடுகிற இடம்தான்.

#12 இன்சின்_பேரன்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஸ்ட்ராண்ட் ரோடு டிராம் ஞாபகம் வருகிறது. 2016 ஜனவரியில் ஹிரோஷிமாவிலிருந்து மின்சார டிராம் கொண்டுவந்து விட்டார்களே. அது 1435 கேஜ், அதற்காகத் துறைமுகப் பாதையில் மூன்றாவது தண்டவாளம் சேர்த்து, மேலே கம்பி இழுத்து. நானும் முதல் வாரம் போட்டோ எடுக்கப் போனேன். ஆறு மாதத்தில் ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

#13 தமைன்_செல்வி

அந்த ரோட்டில் பஸ் அடிக்கடி வரும். டிராம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் எதில் ஏறுவார்கள்? எங்கள் சித்தி ஒருமுறை காத்திருந்து பார்த்துவிட்டு நடந்தே வந்துவிட்டார். அப்புறம் 2017ல் பஸ்ஸை எல்லாம் ஒழுங்குபடுத்தி ஒய்பிஎஸ் என்று விட்டார்கள். ரயிலுக்கு இருந்த கூட்டத்திலும் கொஞ்சம் அங்கே போனது. கெமண்டைனிலிருந்து லேடன் போக நானே பஸ்தான் பிடிக்கிறேன்.

#14 பெகு_மாமா

பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நான் தாமதமாகத்தான் வாசித்தேன். ஜப்பான் ஜப்பான் என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் ஞாபகம் வருவது வேறு ரயில்.

1942, 43ல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட பாதை 415 கிலோமீட்டர். இந்தப் பக்கத்து முனை தன்பியுசயாட். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, படைப்பிரிவு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துவந்த பல்லாயிரம் தமிழர்களுக்கு அங்கே கல் கிடையாது. என் தகப்பனார் அப்போது பத்து வயதுப் பையன். முடான் பக்கத்தில் எங்கள் குடும்பம். தமிழ் பேசுகிற எலும்பும் தோலுமான ஆட்கள் இரவில் வந்து கஞ்சி கேட்பார்களாம். என் அப்பாயி ஊற்றிக் கொடுத்துவிட்டு எந்த ஊர் என்று கேட்பாராம். "கிள்ளான்", "ஈப்போ" என்று சொல்வார்களாம். அப்பாயிக்கு அந்த ஊரெல்லாம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அதற்காக இன்றைக்கு வருகிற பெட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே பெகுவிலிருந்து ரங்கூனுக்கு அதில் வந்திருக்கிறேன், சுகமாக இருந்தது. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

#15 சிபா_ரவி

மாமா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதமுடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்தப் பாதையில் ஓடியது சி56 என்ற நீராவி எஞ்சின். ஜப்பானில் 1067க்குக் கட்டியது. யுத்தத்துக்காக 90 எஞ்சினைத் தெரிந்தெடுத்து, சக்கரத்தை உள்ளே தள்ளி 1000 ஆக்கித்தான் கப்பலில் அனுப்பினார்கள். நட்டுபோல்ட்டு ஐயா சொன்ன அதே 67 மில்லிமீட்டர். தன்பியுசயாட்டில் ஒன்று இன்னும் நிற்பதாகப் படங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே தோக்கியோவிலும் யசுக்குனி கோயில் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பலகையை இரண்டு முறை படித்தேன். கிள்ளானும் இல்லை, ஈப்போவும் இல்லை.

#16 நட்டுபோல்ட்டு

பேத்தி இதை வாசித்துக் காட்டினாள். எத்தனையோ பெட்டிக்கு அந்த 67ஐக் குறைத்திருக்கிறேன், எனக்கு முன்னால் யார் குறைத்தது என்று யோசித்ததே இல்லை.

மாமா, அந்த எஞ்சின் சக்கரத்தை எப்படி ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. தட்டு வைத்து நகர்த்தினார்களா, சக்கரத்தையே மாற்றினார்களா, பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும். பாதை நிலைமை அடங்கியதும் உங்களோடு வரட்டுமா?

#17 பெகு_மாமா

தாராளமாக வாருங்கள். அங்கே சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனாருக்குப் படைக்கவேண்டியதும் ஒன்று பாக்கி இருக்கிறது, அவர் சொன்ன அந்த ஆட்களுக்கும் சேர்த்து ஒரு இலை போட்டுவிடலாம்.

#18 இன்சின்_பேரன்

நானும் வருகிறேன். தாத்தாவின் நாடாவை எடுத்துவரலாமா ஐயா? மில்லிமீட்டர் பக்கம்தான் அழிந்திருக்கிறது.

#19 நட்டுபோல்ட்டு

எடுத்து வா. அங்குலத்தில் 39ம் காலே அரைக்காலும் சொல்லவேண்டும், என் பேத்தி கணக்குப் போட்டுக்கொள்வாள்.

#20 தமைன்_செல்வி

போகும்போது அந்தப் பழைய பெட்டிகளின் கதவு அகலத்தையும் அளந்துகொண்டு வாருங்கள். அம்மாவின் கூடை இரண்டே கால் அடி.